பூஜ்யம் என்று எழுதிவிட்டால் போதுமா?

வெக்காளியம்மனுக்குக் கூரை இல்லாத கதையை உறையூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மண்மாரி பெய்து ஊர் மூடிப்போனது. வீடிழந்த ஜனங்கள் அம்மனிடம் ஓடிவந்தார்கள். இவர்கள் எல்லோருக்கும் வீடு கிடைக்கும்வரை எனக்கும் கூரை வேண்டாம் என்று அவள் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்துவிட்டாள். போன வெள்ளிக்கிழமை சன்னதியில் நின்றபோது எனக்கு வேறு ஒரு நினைப்பு ஓடியது. வீடு இல்லாத ஜனம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஜனம் இல்லாத வீடுகளும் இந்த நாட்டில் பெருகிக்கொண்டே வருகின்றனவே, அதற்கு யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்?

தூத்துக்குடி மாவட்டத்து மீனாட்சிபுரத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். 2011 ஜனத்தொகைக் கணக்கில் ஆயிரம் பேருக்கு மேல் இருந்த ஊர். குடிதண்ணீர் இல்லை. ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பிப் போனார்கள். கடைசியில் ஒரே ஒரு பெரியவர் மட்டும் தங்கினார். பிறந்த மண்ணை விட்டு வரமாட்டேன் என்று தனியாகவே இருந்தார். 2024 மே மாதம் அவரும் காலமானார். ஒரு படையெடுப்பு இல்லை, வெள்ளம் இல்லை, மண்மாரியும் இல்லை. குடத்தில் தண்ணீர் நிறையாததால் ஓர் ஊர் முடிந்தது. நம் காலத்தில், நம் கண்ணெதிரே.

இப்போது கணக்கெடுப்பு வரப்போகிறது. 2021-ல் நடந்திருக்க வேண்டியது, தள்ளிப்போய் 2027 மார்ச் 1-ஐ ஆதாரத் தேதியாக வைத்து நடக்க இருக்கிறது. முதன்முறையாகக் காகிதம் இல்லாமல் கைபேசியிலேயே பதிவு செய்யப்போகிறார்களாம். நல்லது. ஆனால் மீனாட்சிபுரம் மாதிரி ஊர்களுக்கு அந்தக் கைபேசியில் என்ன விழும்? ஒரு பூஜ்யம். அவ்வளவுதான்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஆபீஸில் காகிதம் புரட்டியவர்களுக்குச் சட்டென்று புரியும். 2011 கணக்குப்படி இந்தியாவில் 6,40,000-க்கு மேற்பட்ட கிராமங்கள். அவற்றில் 43,000-க்கு மேற்பட்டவை குடியில்லாத கிராமங்கள். இந்த 43,000-ல் என்றைக்குமே ஆள் குடியிருக்காத காடும் கரம்பும் உண்டு. நேற்றுவரை அடுப்பு எரிந்த ஊர்களும் உண்டு. இரண்டும் ஒரே தலைப்பில் ஒரே பட்டியலில் கிடக்கின்றன. பிறக்காத குழந்தையையும் செத்த மனிதனையும் ஒரே ரிஜிஸ்டரில் எழுதுகிற மாதிரி. வடக்கே வருவாய்க் கணக்குகளில் இப்படிப்பட்ட கிராமங்களுக்கு ‘பேசிராக்’ என்று பழைய பாரசீகச் சொல் ஒன்று வழங்குகிறது. விளக்கில்லாதது என்று அர்த்தம். அந்தப் பெயரை வைத்த குமாஸ்தாவுக்கு ஒரு கும்பிடு. அவன் எண்ணை மட்டும் பார்க்கவில்லை, அந்தி நேரத்தில் அந்த ஊரையும் எட்டிப் பார்த்திருக்கிறான்.

குக்கிராமங்களின் கதி இன்னும் மோசம். வருவாய்க் கிராமம் என்றால் பூஜ்யத்தோடாவது பெயர் நிற்கும். அதற்குள் அடங்கிய பட்டி, களம், கொட்டாய் எல்லாம் தாய்க் கிராமத்தின் கூட்டுத்தொகையில் கரைந்துபோகும். ஒரு பட்டி காலியானால் பூஜ்யம்கூடக் கிடையாது.

1981 கணக்கெடுப்பில் எனக்கும் ஒரு பகுதி கிடைத்தது. பிப்ரவரி 9 முதல் 28 வரை. காவிரிக்கு வடக்கே ஒரு பட்டி, மொத்தம் 14 வீடு. அதில் 5 பூட்டிக் கிடந்தன. ஒரு வீட்டில் தனியாக ஓர் அம்மா, எழுபது வயதிருக்கும். விவரம் எழுதி முடித்து நான் எழுந்தபோது, “ஐயா, எம்புள்ளைங்க மூணு பேரு பம்பாயில இருக்காங்க, அவங்களையும் சேத்து எழுதிக்குங்க” என்றார். கணக்கெடுக்கும் நாட்கள் முழுக்க வெளியூரில் இருப்பவர்களை இங்கே எழுதக் கூடாதம்மா, அவர்களை அங்கே எழுதிக்கொள்வார்கள் என்று விதியைச் சொன்னேன். அவர் விடவில்லை. “தலை கொறஞ்சா பஸ்ஸ நிறுத்திப்புடுவாங்கய்யா. ஒரு நாளைக்கு ஒரு தடவதான் வருது.”

நான் எழுதவில்லை. விதிப்படி அது சரி. இன்றைக்கும் எழுதமாட்டேன். ஆனால் அந்த அம்மாவுக்குத் தெரிந்தது எனக்கு அன்று தெரியவில்லை. எண்ணைப் பார்த்துத்தான் பஸ், பஸ்ஸைப் பார்த்துத்தான் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார், வாத்தியார் இருந்தால்தான் பிள்ளை வைத்திருக்கிற குடும்பம் தங்கும். ஒன்று குறைந்தால் மற்றது குறையும், மற்றது குறைந்தால் முதலாவது இன்னும் குறையும். ஊர் சிறுத்ததால் வசதி போனதா, வசதி போனதால் ஊர் சிறுத்ததா என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை.

வெளிநாட்டில் மட்டும் என்ன வாழ்கிறது என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் மோனோவை என்று ஒரு கிராமம். 1930-களில் நூற்றுச் சொச்சம் பேர் இருந்தார்கள். 2010 கணக்கில் ஒரே ஒரு பாட்டியம்மா. அவரே மேயர், அவரே கிளார்க், சிறு உணவு விடுதி நடத்துபவரும் அவரே. செத்துப்போன கணவரின் புத்தகங்களை வைத்து ஒரு நூலகமும் வைத்திருக்கிறார். 2020 கணக்கில் அந்த ஊருக்கு இரண்டு பேர் என்று வந்தது. தனிநபர் விவரம் வெளியே தெரிந்துவிடக் கூடாது என்று கணக்குத் துறையே எண்களைச் சற்று மாற்றிப் போட்டதால் வந்த வினை. இல்லாத அந்த இரண்டாவது ஆள் யாரோ!

எனக்கு அதைவிடப் பிடித்தது பிரான்ஸ் செய்த காரியம். நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த ஊர் சரித்திரத்தைத்தான் முதலில் நெட்டுருப் போட்டேன். 1916-ல் வெர்தன் போரில் குண்டுவீச்சில் ஒன்பது கிராமங்கள் தரைமட்டமாயின. அவற்றில் ஆறு திரும்ப எழவே இல்லை. இன்றும் அவற்றின் ஜனத்தொகை பூஜ்யம். ஆனால் அந்த ஆறு பெயர்களையும் அவர்கள் அடித்துவிடவில்லை. ஒவ்வொன்றுக்கும் இன்றும் ஒரு மேயர் உண்டு. ஓட்டுப்போட ஆள் இல்லாததால் மாவட்ட நிர்வாகி நியமிக்கிறார். ஃப்ளூரி என்ற ஊரில் மரங்களுக்கு நடுவே சின்னச் சின்னக் கல் நட்டு, இங்கே பள்ளிக்கூடம் இருந்தது, இங்கே ரொட்டிக் கடை இருந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நான் நேரில் பார்த்ததில்லை, படத்தில் பார்த்தேன். படத்திலேயே தொண்டையை அடைத்தது.

பீரங்கியால் அழிந்த ஊருக்கு அந்த மரியாதை என்றால், தாகத்தால் அழிந்த ஊருக்கு என்ன? நம்மிடம் மேயர் வேண்டாம், கல்லும் வேண்டாம். காலி ஊரில் காசைக் கொட்டுவதா என்று என் மருமகன் கேட்கிறார். கொட்டச் சொல்லவில்லை மாப்பிள்ளை. கணக்கெடுப்பவர் பூஜ்யம் பதியும்போது கூடவே நாலு கேள்விக்குப் பதில் பதியட்டும் என்கிறேன். முன்பு இங்கே குடியிருந்தார்களா? கடைசிக் குடும்பம் எந்த வருஷம் போனது? எதனால் போனது? எங்கே போனார்கள்? பக்கத்து ஊர்ப் பெரியவர்கள் ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள். இன்னும் பத்து வருஷம் போனால் சொல்ல அவர்களும் இருக்கமாட்டார்கள். தண்ணீரால் போன ஊர் இத்தனை, பஸ்ஸால் போன ஊர் இத்தனை என்று ஒரு தடவை பட்டியல் வந்துவிட்டால், அடுத்து காலியாகப் போகிற ஊர் எது என்று எந்தக் கலெக்டருக்கும் தெரிந்துவிடுமே. குழாய் போடுவதற்கு அது போதாதா? பட்டிகளுக்கும் தனி வரி வேண்டும். தாய்க் கிராமத்தோடு சேர்த்துக் கரைக்கக் கூடாது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது அந்தப் பக்கமாகப் பஸ்ஸில் போனேன். மெயின் ரோட்டிலிருந்து பட்டிக்குப் பிரிகிற பாதை எங்கே வரும் என்று தெரியாமல், ஊர்ப் பெயரைச் சொல்லிக் கண்டக்டரிடம் விசாரித்தேன். நல்ல பையன், டிக்கெட் கட்டைப் புரட்டிக்கூடப் பார்த்தான். “அப்படி ஒரு ஸ்டாப்பே கிடையாதே சார், நீங்க வேற ரூட் பஸ்ல ஏறிட்டீங்களா?” என்றான்.