களப்பணி மாணவரின் கற்றல் நோக்கங்கள்: எங்கள் நிலைப்பாடு

சமூகப்பணிக் கல்வி பயிலும் மாணவர்கள் களப்பயிற்சிக்கு வரும்போது அவர்கள் கற்க வேண்டியவற்றை யார், எப்போது, எவ்விதம் நிர்ணயிப்பது என்னும் விஷயத்தில், செங்கற்பட்டைச் சூழ்ந்த கிராமங்களிலும் மாமல்லபுரம் கடற்கரைக் குப்பங்களிலும் தொண்டாற்றிவரும் எங்கள் ஸ்தாபனத்தின் அபிப்பிராயத்தைக் கல்லூரிகளும், எம்மைப் போன்று மாணவர்களை ஏற்கும் பிற அமைப்புகளும், எல்லாருக்கும் மேலாக மாணவர்களும் அறியும்பொருட்டு இவ்வறிக்கையை வெளியிடுகிறோம். கற்றல் நோக்கங்கள் மாணவர் களத்தில் கால் வைப்பதற்கு முன்பே எழுதப்படலாகாது. முதல் மூன்று வாரங்களைப் பார்ப்பதிலும் கேட்பதிலும் கழித்த பின்னர், மாணவரே தம் கைப்பட எழுத வேண்டும். அவை மாணவர் பெற வேண்டிய திறனைச் சொல்ல வேண்டுமேயன்றி, மக்களிடத்தில் அவர் விளைவிக்கப்போகும் மாறுதலைச் சொல்லலாகாது. இதுவே எங்கள் முடிவு.

கிளிபர்ட் மான்ஷார்ட்டின் முயற்சியால் 1936-இல் பம்பாயில் முதல் சமூகப்பணிக் கல்லூரி தோன்றிய காலந்தொட்டும், 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் சென்னையில் சமூகப்பணிப் பள்ளியை நிறுவிய காலந்தொட்டும், வகுப்பறையில் கேட்டதைக் களத்தில் நின்று பரீட்சித்துப் பாராதவர் இத்தொழிலுக்கு உரியவராகார் என்ற கொள்கை நம் நாட்டில் நிலைபெற்றிருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் களம், எஞ்சிய நாட்கள் வகுப்பு என்னும் ஏற்பாடு இன்றும் பெரும்பாலான கல்லூரிகளில் நடந்துவருகிறது. ஏற்பாட்டில் எங்களுக்குக் குறையில்லை. பயிற்சியின் முதல் நாளிலேயே, ஊரின் பெயரைத் தவிர வேறொன்றும் அறியாத ஒரு மாணவர், அச்சடித்த படிவத்தில் ஐந்தாறு நோக்கங்களைப் பூர்த்தி செய்துகொண்டு வந்து எங்கள் கையொப்பத்தைக் கேட்பதுதான் எங்களை வருத்துகிறது.

அப்படிவங்களில் காண்பவை பெரும்பாலும் உயர்ந்த எண்ணங்களே. குப்பத்தில் மதுப்பழக்கத்தை ஒழிப்பது, பள்ளியை விட்டு நின்ற குழந்தைகள் அனைவரையும் மீண்டும் சேர்ப்பது, மகளிர் குழுக்களைத் தழைக்கச் செய்வது என்று எழுதுகிறார்கள். எழுதும் பிள்ளைகளின் இதயத்தை நாங்கள் போற்றுகிறோம். ஆயினும் இவை சேவையின் நோக்கங்களே தவிரக் கற்றலின் நோக்கங்கள் அல்ல. தலைமுறை தலைமுறையாக வேரோடிய ஒரு துன்பத்தை வாரத்துக்கு இரண்டு நாள் வந்துபோகும் இளைஞர் ஒரு பருவத்துக்குள் களைந்துவிட முடியும் என்று காகிதத்தில் எழுதச் செய்வது, பருவத்தின் முடிவில் அவரை இரண்டு தீமைகளில் ஒன்றை நோக்கித் தள்ளிவிடுகிறது: ஒன்று, நடவாததை நடந்ததாக அறிக்கையில் புனைவது, மற்றொன்று, தமக்கு இத்தொழிலுக்குரிய தகுதியே இல்லையென்று மனமுடைந்து போவது. முன்னது வழக்கமாகிவிட்ட மாணவர் நாளை ஓர் அதிகாரியாக அமர்ந்து எழுதப்போகும் அறிக்கைகளை நினைத்தால் எங்களுக்கு அச்சமாக இருக்கிறது.

மாமல்லபுரத்துக்கு வடக்கிலும் தெற்கிலும் வரிசையாக உள்ள மீனவர் குப்பங்களையே எடுத்துக்கொள்வோம். ஆடவர் விடியுமுன் கடலுக்குப் போகிறார்கள். கரைக்கு வந்த மீன்பாட்டை எடுத்துக்கொண்டு பெண்கள் சந்தைக்குப் போகிறார்கள். காலை பத்து மணிக்குப் பேருந்தை விட்டிறங்கும் மாணவர் முதியோரையும் சிறு குழந்தைகளையுமே காண்கிறார். ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் முதலில் சென்று வணக்கம் சொல்லி, வந்த காரியத்தைத் தெரிவித்த பின்னரே வீடுகளுக்குள் நுழைய வேண்டும் என்ற ஒழுங்கை எந்தப் படிவமும் அவருக்குச் சொல்லியிராது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியதற்குப் பின்பு கணக்கெடுக்க வந்தவர்களும் ஆராய வந்தவர்களும் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் விடை சொல்லிச் சொல்லிச் சலித்த மக்கள் இவர்கள். இத்தகைய ஊரில் முதல் மூன்று வாரத்துக்கு ஒரு மாணவர் கற்க வேண்டியது, எந்த நேரத்தில் எந்த வாசலில் நிற்பது, எப்போது கேள்வி கேளாதிருப்பது என்பதுதான். இதை அற்பமான பாடம் என்று எண்ணுவோர் இருக்கலாம். எங்கள் அனுபவத்தில் இதைக் கற்றவர்களே மற்றவற்றையும் கற்றார்கள்.

பார்ப்பது முதலில், நோக்கம் பின்னர் என்னும் இக்கொள்கைக்குச் சான்று தேடி நாங்கள் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. செங்கற்பட்டை அடுத்த திருமணியில், இன்று மத்திய அரசின் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையம் உள்ள இடத்தில், அந்நாளில் லேடி வில்லிங்டன் பெயரால் விளங்கிய தொழுநோயர் இல்லத்தில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் பணியாற்றிக்கொண்டிருந்தார். வேலூர் மருத்துவக் கல்லூரிக்குப் புதிதாக வந்திருந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1947-ஐ ஒட்டி அவ்வில்லத்தைப் பார்க்க வந்தார். தொழுநோயில் அவருக்குத் தனித்த பயிற்சியோ திட்டமோ இருக்கவில்லை. விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கையைப் பற்றியபோது அப்பிடியில் இருந்த எதிர்பாராத வலிமை அவரைத் திடுக்கிடச் செய்தது. உயிருள்ள தசைகள் இன்னும் மிஞ்சியிருக்கின்றன, அவற்றைக்கொண்டு செயலற்ற விரல்களை இயக்க முடியாதா என்ற வினா அவர் உள்ளத்தில் அங்கேதான் எழுந்தது. இத்தகைய கைகளை எலும்பு அறுவை மருத்துவர் எவரும் ஆராய்ந்ததில்லை என்று அன்று அவர் அறிந்துகொண்டார். பின்னர் வேலூரில் அவர் செய்த தசைநாண் மாற்றுச் சிகிச்சைகள் உலகெங்கும் பின்பற்றப்பட்டன. வருமுன்பே நோக்கத்தை எழுதிக்கொண்டு வந்திருந்தாரானால், அந்தக் கையை அவர் அவ்வளவு நேரம் பற்றியிருந்திருப்பாரா என்பது ஐயமே.

நல்ல நோக்கம் எப்படி இருக்கும் என்று மாணவர்கள் கேட்பது நியாயம்; ஓர் உதாரணம் சொல்கிறோம். இம்மாவட்டத்தின் ஏரிக்கரைகளிலும் தோப்புகளை ஒட்டியும் சிறுசிறு குடியிருப்புகளில் வாழும் இருளர், தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகளாக அரசு வகைப்படுத்தியுள்ள ஆறு குடிகளுள் ஒருவர். வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் வாயிலாக, பாம்புக்கடி மருந்துக்கு வேண்டிய நஞ்சை நாட்டுக்கு அளித்துவரும் சமூகமும் இதுவே. ஆயினும் பழங்குடிச் சான்றிதழ் கைக்கு வாராமையால் படிப்பைத் தொடர வழியின்றித் தவிக்கும் பிள்ளைகள் இக்குடியிருப்புகளில் இன்னும் இருக்கிறார்கள். இங்கு வரும் மாணவர், 'இத்தனை குடும்பங்களுக்குச் சான்றிதழ் வாங்கித் தருவேன்' என்று எழுதுவதை நாங்கள் ஏற்கமாட்டோம். சான்றிதழ் அளிப்பது கோட்டாட்சியரின் அதிகாரம், மாணவரின் திறமையைக் காட்டும் அளவுகோல் அல்ல. 'ஒரு குடும்பத்துடன் மனு எழுதுவது முதல் விசாரணை முடியும்வரை கூடவே நடந்து, அவ்வழியின் ஒவ்வொரு படியையும் தெரிந்துகொண்டு, அடுத்த குடும்பத்துக்குக் காகிதம் பாராமல் அவர்கள் பேசும் பேச்சிலேயே விளக்கும் ஆற்றலைப் பெறுவேன்' என்று எழுதினால் மனமார ஏற்போம். சான்றிதழ் தாமதமானாலும் அம்மாணவரின் கல்வி தாமதமாவதில்லை; கற்றாரா இல்லையா என்பதை மேற்பார்வையாளர் அருகில் அமர்ந்து கேட்டே தெரிந்துகொள்ளலாம்.

எழுதிய நோக்கம் பருவத்தின் நடுவில் ஒருமுறை திருத்தப்பட வேண்டும் என்றும் நாங்கள் கருதுகிறோம். அமெரிக்க சமூகப்பணி ஆசிரியை பெர்த்தா ரேனால்ட்ஸ் 1942-இல் வெளியிட்ட நூலில், புதிதாகப் பயில்பவர் முதலில் தம்மைப் பற்றிய கூச்சத்திலேயே மூழ்கியிருப்பதையும், பின்பு தட்டுத்தடுமாறி நீந்துவதையும், அதன் பிறகு நிலைமை புரிந்தும் தம் செயலை அதற்கேற்ப நடத்த முடியாமல் இருப்பதையும் படிப்படியாக விவரித்திருக்கிறார். இம்மூன்றாம் கட்டத்தில் நிற்பவரிடம் முதற்கட்டத்தில் எழுதிய நோக்கத்தைக் காட்டி மதிப்பெண் இடுவது அநீதி.

எம்மைப் போன்ற ஸ்தாபனங்களுக்கும் கடமை உண்டு. பதிவேடுகளை நகலெடுக்கவும் விழாக்களுக்கு நாற்காலி போடவும் மாணவர்களைப் பயன்படுத்திக்கொண்டு, அதற்கு நிர்வாகப் பயிற்சி என்று பெயரிடுவதை நாங்கள் கண்டிக்கிறோம். சிறார் நீதிச் சட்டம், 2015 குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடை செய்கிறது. அந்தப் பாதுகாப்பைப் பெரியவர்களுக்கும் விரித்து, ஒரு மனிதரின் துயரத்தைப் பெயரும் ஊரும் புலப்படாமல் எழுதும் பழக்கத்தை ஒவ்வொரு மாணவரின் நோக்கங்களிலும் சேர்க்கிறோம். விடைபெறும் முறையும் அவ்வாறே. வாரந்தோறும் தம் வாசலுக்கு வந்து அமர்ந்த பிள்ளை ஏன் திடீரென்று வரவில்லை என்று ஒரு மூதாட்டி காத்திருக்கும்படி எந்த மாணவரும் பயிற்சியை முடிக்கலாகாது.

எல்லா மாணவருக்கும் ஒரே அளவில் மதிப்பெண் இட வேண்டியிருப்பதால் ஒரே படிவம் அவசியம் என்று கல்லூரிகள் கூறுவதை நாங்கள் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் திருமணியின் தொழுநோய் நிலையமும், முட்டுக்காட்டின் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமும், செங்கற்பட்டின் சிறார் இல்லமும், கடற்கரைக் குப்பமும் ஒரே மாவட்டத்துக்குள் இருந்தும் ஒரே பாடத்தைக் கற்பிப்பவை அல்ல. நோக்கம் தெளிவாக உள்ளதா, மாணவருக்கு எட்டக்கூடியதா, எட்டியதற்கு அவருடைய களக்குறிப்பில் சான்று உண்டா என்று மூன்றையும் எல்லாரிடத்தும் சமமாகப் பார்த்து மதிப்பெண் இடலாம். சமநீதிக்கு அது போதும்.

வரும் கல்வியாண்டு முதல், முன்கூட்டியே பூர்த்தி செய்த படிவத்தில் நாங்கள் கையொப்பமிட மாட்டோம். நோக்கங்களைச் சமர்ப்பிக்கும் நாளை நான்காம் வாரத்துக்குத் தள்ளிவைக்கும்படியும், அவற்றைத் தமிழிலேயே எழுத மாணவர்களை அனுமதிக்கும்படியும், கையொப்பமிடும் நாளில் கல்லூரி மேற்பார்வையாளர் ஒருமுறையேனும் களத்துக்கு நேரில் வந்து மாணவரோடும் எங்களோடும் அமரும்படியும் கல்லூரிகளை வேண்டிக்கொள்கிறோம்.