கொல்லிப்பாவை சிரிக்கிறாள், என்ன பண்ணப்போறே?

வீடியோ கேம் செய்திகளை விடாமல் படிக்கிறவன் நான். அந்தச் செய்திகளில் இப்போது விளையாட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. 2023 அக்டோபரில் ஆக்டிவிஷன் பிளிஸார்டை மைக்ரோசாஃப்ட் 6,870 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது. 2025 செப்டம்பரில் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்துக்கு சவூதி அரசின் முதலீட்டு நிதியும் கூட்டாளிகளும் 5,500 கோடி டாலர் விலை பேசினார்கள். 2013இல் வந்த ஜி.டி.ஏ. ஐந்துக்கு அடுத்த பாகம் 2025இல் வரும் என்றார்கள், பிறகு 2026 மே என்றார்கள், பிறகு 2026 நவம்பர் 19 என்றார்கள். ஆட்டம் எப்படி இருக்கும் என்பதைவிட எப்போது வரும் என்பதே பெரிய செய்தி.

நம் ஊர்ச் செய்தி வேறு மாதிரி. அது நேராகக் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போய்விடுகிறது. ஆன்லைன் ரம்மியில் பணத்தைத் தொலைத்தவர்கள் உயிரை விட்ட பிறகு தமிழக அரசு சட்டம் கொண்டுவந்தது. ஆளுநர் திருப்பி அனுப்பி, சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில்தான் அது நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சொல்லி அவற்றை மட்டும் தடையிலிருந்து விடுவித்தது சென்னை உயர் நீதிமன்றம். 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் வந்தது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் அத்தனைக்கும் ஒரேயடியாகத் தடை. இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையிலிருந்து ட்ரீம் லெவன் பெயர் காணாமல் போனது அதனால்தான்.

இந்த இரைச்சலில் அடிபட்டுப் போன ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். டொரன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சின்னக் குழு 2023இல் ‘வெண்பா’ என்றொரு ஆட்டத்தை வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பம், அம்மா கொடுத்தனுப்பிய கிழிந்த சமையல் குறிப்பு, அதை வைத்துக்கொண்டு இட்லியும் புட்டும் செய்து பார்க்கும் ஒரு பெண். ஆட்டம் அவ்வளவுதான். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக ஆட்டம் என்ற பரிசு அதற்குக் கிடைத்தது. எங்கள் சேலம் அம்மாபேட்டையில் நான் விசாரித்த எந்தப் பையனுக்கும் அது தெரிந்திருக்கவில்லை. தமிழ்ப் பத்திரிகைகள் உரக்கச் சொல்லியிருந்தால்தானே தெரியும்?

அவர்களுக்குத் தெரிந்தது ஃப்ரீ ஃபயர். 2022 பிப்ரவரியில் அதைத் தடை செய்தபோது அலட்டிக்கொள்ளாமல் ‘மேக்ஸ்’ என்ற அதன் அண்ணனுக்கு மாறிக்கொண்டார்கள். அதற்கடுத்து, யாரும் ஆடாமலேயே எல்லோருக்கும் தெரிந்த ஆட்டம் ஒன்று உண்டு: பால்டர்ஸ் கேட் 3. பெல்ஜியத்தின் லேரியன் நிறுவனம் 2023 ஆகஸ்டில் வெளியிட்டது, அந்த ஆண்டின் சிறந்த ஆட்டம் என்று பெயர் வாங்கியது. அதை ஓட்ட 150 ஜிபி இடமும் நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டும். தறி ஓட்டும் வீட்டில் அந்தக் காசுக்கு வேறு வேலை இருக்கிறது. ஆகவே யாரோ ஆடுவதை யூடியூபில் பார்க்கிறார்கள். திரையில் இருபது முகமுள்ள பகடை உருண்டு வந்து நிற்பதைப் பார்த்து, “இது எதுக்கு மாமா உருளுது?” என்று என் அக்கா மகன் கேட்டான். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அந்தக் கேள்வியில் ஆரம்பித்தது.

அந்தப் பகடை கம்ப்யூட்டரில் பிறந்ததல்ல. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் கேரி கைகாக்ஸ் என்று ஒருவர் இருந்தார். காப்பீட்டு நிறுவன வேலை போனபின் செருப்புத் தைத்துக் குடும்பம் நடத்தியவர். அவரும் மினசோட்டாவைச் சேர்ந்த டேவ் ஆர்னசனும் சேர்ந்து 1974 ஜனவரியில் ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டார்கள். ஒரு பெட்டி, உள்ளே மூன்று சிறு புத்தகங்கள், விலை 10 டாலர், முதல் அச்சு 1,000 பிரதி. பல முகப் பகடைகளைக் கைகாக்ஸ் தேடிப் பிடித்தது பள்ளிகளுக்குக் கணக்குச் சாமான் விற்கும் கம்பெனியின் பட்டியலில். ஆளுக்கொரு பாத்திரம், நடுவில் கதை நடத்த ஒருவர், அவ்வளவுதான் ஏற்பாடு. நடத்துகிறவரை டி.எம். என்பார்கள். “குகை வாசலில் நிற்கிறீர்கள், உள்ளே ஏதோ உறுமுகிறது, என்ன செய்கிறீர்கள்?” என்பார் அவர். ஆடுகிறவர் சொல்வார். சொன்னது நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை. பால்டர்ஸ் கேட்டின் அத்தனை கோடி ரூபாய் கிராஃபிக்ஸுக்கும் அடியில் ஓடுவது இந்த வாய்ப்பேச்சு விதிதான்.

இருபது முகப் பகடைக்கு எங்கே போவது? ஆன்லைனில் வாங்கலாம். வாங்கவில்லை. அம்மாவின் பெட்டியில் பித்தளைத் தாயக்கட்டை இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்ததும் அசந்துபோனேன். ஒரு கட்டையில் நான்கு முகம்: ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை. இரண்டையும் உருட்டினால் 16 வகையில் விழலாம். தாயம் விழ 2 வழி, இரண்டுக்கு 3, மூன்றுக்கு 4, நாலுக்கு 3, ஐந்துக்கு 2, ஆறுக்கு 1, இரண்டும் வெறுமையாக விழுந்து பன்னிரண்டாக 1. நடுவில் பருத்து இரண்டு ஓரமும் மெலிந்த வரிசை. இருபது முகப் பகடையில் எந்த எண்ணுக்கும் ஒரே வாய்ப்புதான். இங்கே பன்னிரண்டு அபூர்வம், மூன்று சர்வசாதாரணம். கதைக்கு இதுவே ருசி என்பது என் கட்சி.

தாயம் ஆடிய எவருக்கும் 1, 5, 6, 12 நல்ல எண்கள், மறு உருட்டு உண்டு. அதையே விதியாக்கினேன். அந்த நாலில் ஒன்று விழுந்தால் நினைத்தது நடக்கும்: 16இல் 6 வாய்ப்பு. அந்த வேலையில் பழக்கம் உள்ள பாத்திரத்துக்கு நாலும் வெற்றி, 16இல் 9. கைதேர்ந்தவருக்கு மூன்றும் வெற்றி, 16இல் 13. மறு உருட்டையும் விட்டுவிடவில்லை. முதலில் வென்று, மறு உருட்டில் தோற்றால், நினைத்தது நடக்கும், ஆனால் கூடவே ஒரு வில்லங்கமும் வரும். ஒரு பக்கத்தாளில் விதி முடிந்தது.

தாயக்கட்டை உருளும் சத்தம் கேட்டதும் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, “காசு வெச்சா ஆடறீங்க?” என்றார். கேட்க வேண்டிய கேள்விதான், ரம்மி செய்த வேலை அப்படி. பணம் கிடையாது, ஜெயிப்பும் தோற்பும் கிடையாது என்றதும், “அப்பறம் எதுக்கு ஆடறீங்க?” என்றார். அதற்குப் பதில் சொல்வது கடினமாக இருந்தது. 1980களில் அமெரிக்கப் பெற்றோர்கள் இதைவிட மோசம். இந்த ஆட்டம் பிள்ளைகளைப் பேய் வழிபாட்டுக்கு இழுக்கிறது என்று சங்கம் வைத்தே எதிர்த்தார்கள். அக்கா பரவாயில்லை. நர்சிங் படிக்கும் தன் மகளையும் ஆட்டத்துக்கு அனுப்பிவைத்தார்.

கதைக்கு டிராகனைத் தேடிப் போகவில்லை. 2022இல் வந்த ஓர் அதிகாரபூர்வ டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் சாகசத் தொகுப்பில் எழுத்தாளர் மிமி மண்டல் வங்காளத்துச் சாயலில் ஒரு நாட்டை எழுதியிருக்கிறார். நம் பக்கம் இன்னும் யாரும் வரவில்லையென்றால் நாமே எழுத வேண்டியதுதான். நாமக்கல் பக்கம் எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் கொல்லிமலை. அங்கே ஓரி ஆண்டான். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு எல்லாவற்றையும் துளைத்தவன் என்று வன்பரணர் பாடியிருக்கிறார். (“அண்ணா, அது பன்னெண்டு வுழுந்திருக்குது,” என்றான் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கும் பையன். அதற்குமேல் நல்ல உரை நான் படித்ததில்லை.) அதே மலையில் கொல்லிப்பாவை இருக்கிறாள், சிரித்தே ஆளைக் கொல்கிறவள். சேலத்தை ஒட்டிக் கஞ்சமலை, அங்கே இரும்பு. ஆக நான்கு பாத்திரங்கள் தயார்: கஞ்சமலைக் கொல்லன், ஒரு வேட்டுவன், ஒரு பாணன், ஒரு நெசவாளி. நெசவாளியால் என்ன பயன் என்று பாலிடெக்னிக் படிக்கும் ஒரு பையன் சிரித்தான். பாவு நூலைக் காட்டுப் பாதையின் குறுக்கே கட்டி ஓரியின் எதிரி காரியின் குதிரைப் படையைக் கவிழ்த்ததும் அவனேதான்.

முதல் நாள் பட்ட பாட்டைச் சொல்லாமல் இருக்க முடியாது. “பாதை மூணாப் பிரியுது. ஒண்ணுல புகை தெரியுது, ஒண்ணுல தண்ணிச் சத்தம், ஒண்ணு இருட்டு. என்ன பண்றீங்க?” என்றேன். யாரும் வாய் திறக்கவில்லை. பிளஸ் ஒன் படிக்கிறவன் மெதுவாக, “எதுங்கண்ணா கரெக்ட்டு?” என்றான். எதுவும் கரெக்ட் இல்லை, எங்கே போகிறாயோ அங்கே கதை போகும் என்றேன். நம்பவில்லை. “ஹின்ட்டாவது குடுங்க” என்றான்.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். நாமக்கல், ராசிபுரம் வட்டாரத்து விடுதிப் பள்ளிகளைத் தமிழ்நாடே அறியும். கோழிப்பண்ணைக்குப் பேர்போன ஊர் என்பதால் பிராய்லர் பள்ளி என்று பெயரும் வைத்தாயிற்று. பதினோராம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்தார்கள். அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025இல் மாநிலக் கல்விக் கொள்கை அதை எடுத்துவிட்டது. மாநில முதலிடம் என்று பட்டியல் போடுவதும் 2017இல் நின்றது. பட்டியல் நின்றதே தவிர, கேள்வி என்றால் எங்கோ ஒரு விடைத்தாள் இருக்கும் என்ற நினைப்பு நிற்கவில்லை. அந்தப் பையன் திணறியதற்குக் காரணம் இதுதான். கற்பனையில் அவனுக்குக் குறைவில்லை. திருத்த ஆளில்லாத பதிலைச் சொல்லிப் பழக்கமில்லை.

வேஷம் கட்டுவது நமக்குப் புதிது என்று யாரும் சொல்ல முடியாது. ஆடி மாதம் சேலம் குகை மாரியம்மன் காளியம்மன் கோயில் வண்டி வேடிக்கையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நேற்றுவரை பட்டறையில் உட்கார்ந்திருந்தவர் சிவனாக வண்டியில் வருவார். தெருக்கூத்தில் கட்டியங்காரன், திரைக்குப் பின்னால் இருக்கும் ராஜாவை “நீங்க யாரு?” என்று கேட்டு வெளியே வரவழைப்பான், டி.எம். பார்க்கிற வேலையில் பாதி அது. ஆனால் கூத்தில் துரியோதனன் ஒவ்வொரு ஆண்டும் படுகளத்தில் விழுந்தே தீருவான். விடியவிடிய ஆடினாலும் முடிவு எல்லோருக்கும் தெரியும், தெரிந்தேதான் அழுகிறோம். அது வேறொரு சுகம். இந்த ஆட்டத்தை அதோடு சேர்த்து ‘எல்லாம் நம்மிடமே இருந்தது’ என்று மார் தட்ட எனக்கு மனம் வரவில்லை. முடிவு தெரியாமல் வேஷம் கட்டுவது நமக்கும் புதுசுதான்.

அதை ஓரி கதையில் பார்த்தேன். சங்கப் பாட்டின்படி மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்துவிடுகிறான். என் அக்கா மகன் எங்கேயோ படித்துவிட்டு வந்து, “மாமா, ஓரி செத்துத்தான் ஆகணுமா?” என்றான். பாட்டில் செத்தான், இங்கே தெரியாது என்றேன். அடுத்த வாரம் அவனுடைய பாணன், காரிக்கும் சேரனுக்கும் நடுவே சண்டை மூட்ட ஓர் ஓலையோடு கிளம்பிவிட்டான். நான் எழுதி வைத்திருந்த போர்க்களம் வீண். கதை நடத்துகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்த ஒரே தொழில் ரகசியம் இது: இடத்தை எழுதிக்கொள், யாருக்கு என்ன ஆசை, என்ன பயம் என்று எழுதிக்கொள், முடிவை எழுதாதே.

வேட்டுவ வேஷம் நர்சிங் பெண்ணுடையது. மற்றவர்கள் பாவையின் சிரிப்புக்குக் காதைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். இவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “நானும் அவளப் பாத்து சிரிக்கிறேன்” என்றாள். என் தாளில் அதற்கு இடமே இல்லை. உருட்டச் சொன்னேன். ஐந்து விழுந்தது, பாவையின் சிரிப்பு நின்றது. மறு உருட்டில் இரண்டு. பாவை ஓய்ந்தாள், வேட்டுவச்சியால் சிரிப்பை நிறுத்த முடியவில்லை. இன்றுவரை அந்தப் பாத்திரம் துக்க வீட்டில்கூடச் சிரித்துக்கொண்டுதான் நிற்கிறது, மற்ற மூவரும் சாபத்துக்கு மருந்து தேடி அலைகிறார்கள். விடை கேட்ட பிளஸ் ஒன் பையன் இப்போது ஹின்ட் கேட்பதில்லை. “நான் அந்தக் கதவ ஒடைக்கல, கழட்டிக் கொண்டுபோய் விக்கிறேன்” என்கிறான். அவன்தான் கொல்லன்.

புத்தகம் விலை அதிகம், ஆங்கிலத்தில் இருக்கிறது என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு தகவல். 2023 ஜனவரியில் டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸை வைத்திருக்கும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் கம்பெனி, விதிகளைப் பிறரும் பயன்படுத்த விட்டிருந்த பழைய திறந்த உரிமத்தை மாற்றப் பார்த்தது. ஆடுகிறவர்கள் கொதித்தெழுந்தார்கள். மாதம் முடியுமுன் கம்பெனி இறங்கிவந்து, சுமார் 400 பக்க அடிப்படை விதிகளை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் எல்லோருக்கும் இலவசமாகவே கொடுத்துவிட்டது. இனி அதைத் தமிழாக்க, மாற்ற, அச்சிட்டு விற்கக்கூட யாரையும் கேட்க வேண்டியதில்லை. எடுத்த இடத்தைக் குறிப்பிட்டால் போதும். யாராவது ஒரு தமிழ்ப் பதிப்பாளர் இதில் கை வைக்க வேண்டும். நானூறு பக்கமும் வேண்டாம், நாற்பது பக்கம் போதும்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். வீட்டில் தாயக்கட்டை இருக்கும், பழைய நோட்டு இருக்கும், ஊருக்கு ஒரு மலையோ ஏரியோ கோட்டையோ இருக்கும். சங்ககிரிக்காரர்களுக்குக் கோட்டையே இருக்கிறது. வருகிற ஞாயிறு மூன்று பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்து ஒரு வாசலில் நிறுத்துங்கள். எது சரியான வழி என்று கேட்பார்கள், சொல்லிவிடாதீர்கள்.