ரோப்காருக்கு உள்ள சோதனை வைத்தியசாலைக்கு வேண்டாமா?

பழனி மலைமேல் இருக்கும் முருகனிடம் பக்தர்களை ஏற்றிச்செல்ல 1966-ம் வருஷம் முதல் விஞ்சும், 2004-ம் வருஷம் முதல் ரோப்காரும் ஓடி வருகின்றன. இந்த ரோப்கார் மாதத்தில் ஒரு நாளும், வருஷத்தில் ஏறக்குறைய ஒரு மாதமும் நிறுத்தப்பட்டுப் பழுது பார்க்கப்படுகின்றது. கயிறும், உருளைகளும், பெட்டிகளும் ஒவ்வொன்றாய்ச் சோதிக்கப்படுகின்றன. எடைக்கற்களை ஏற்றி ஓட்டிப் பார்த்துத் திருப்தி ஏற்பட்ட பிறகே மனிதர்கள் ஏற்றப்படுகின்றார்கள். இதை நாம் மனமாரப் பாராட்டுகின்றோம். ஆனால் ஒன்று கேட்கின்றோம். முருகனிடம் போகின்ற கயிற்றை முருகன் காப்பாற்றுவான் என்று விட்டுவிட அவனுடைய அர்ச்சகர்கூடத் தயாராயில்லையே, ஏன்? உயிர் விஷயம் என்று வந்தவுடன் மந்திரம் ஒதுங்கிக்கொள்ள, என்ஜினீயர் முன்னே வருகின்றார். பகுத்தறிவு என்பது இதுதான்.

நிற்க. அதே மலைத்தொடரின்மேல் கொடைக்கானல் நகரமும், பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி, தாண்டிக்குடி, பண்ணைக்காடு முதலிய ஊர்களும் இருக்கின்றன. பாதையில்லாமல் நோயாளியைத் தொட்டில் கட்டித் தோளில் சுமந்து பழகிய வெள்ளகவியும் இருக்கின்றது. இவ்வூர்களில் பூண்டும் உருளைக்கிழங்கும் காப்பியும் விளைவித்து வயிறு வளர்க்கும் ஜனங்களின் உயிரும் ஒரு கயிற்றில்தான் தொங்குகின்றது. ஆரம்ப சுகாதார நிலையமும், சர்க்கார் ஆஸ்பத்திரியும், கடைவீதியில் போர்டு மாட்டியிருக்கும் டாக்டருமே அந்தக் கயிறு. அதைச் சோதிப்பவர் யார்? எப்போது சோதிக்கின்றார்? கண்டதை யாரிடம் சொல்லுகின்றார்?

சட்டம் இல்லையா என்றால், இருக்கின்றது. தனியார் வைத்தியசாலைகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 1997-ம் வருஷத்திலேயே சட்டம் செய்தார்கள். அதை நடத்துவதற்கான விதிகள் வெளிவந்ததோ 2018-ம் வருஷத்தில்! சட்டம் பிறந்த வருஷத்தில் பிறந்த குழந்தை, விதிகள் வருவதற்குள் ஓட்டுப் போடும் வயதைத் தாண்டிவிட்டது. கோயில் கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தால் ஒரு நாழிகை தவறுவதில்லை. ஏழையின் ஊசி சுத்தமானதா என்று பார்க்கும் காரியத்துக்கு மட்டும் இருபத்தொரு வருஷம் நல்ல நேரம் கிடைக்கவில்லை போலும்!

சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு 2013-ம் வருஷத்தில் தேசியத் தர உறுதி அளவுகளும், 2015-ம் வருஷத்தில் சுத்தத்துக்காகக் காயகல்ப் என்னும் திட்டமும் ஏற்பட்டன. நோயாளியின் உரிமை, கிருமி பரவாமல் தடுத்தல், சிகிச்சை முறை, பலன் முதலாக எட்டு இனங்களில் மார்க்குப் போடுகின்றார்கள். நூற்றுக்கு எழுபது வந்தால் சர்ட்டிபிகேட். அது மூன்று வருஷத்துக்குச் செல்லும். ஏற்பாடு நல்லதே. ஆனால் சர்ட்டிபிகேட்டுக்கான சோதனை ஆஸ்பத்திரியே விண்ணப்பம் போட்டு, முன்னதாக நாள் குறித்து நடப்பதாகும். மாமியார் வருகின்றாள் என்று தெரிந்த வீட்டில் எந்த மருமகள் கூட்டிப் பெருக்காமல் இருப்பாள்? விருந்தாளி வராத நாளில் வீடு எப்படியிருக்கின்றது என்பதே நமது கேள்வி. எந்த இனத்தில் எத்தனை மார்க்குக் குறைந்தது என்று தமிழில் எழுதி வாசலில் ஒட்டியிருக்க எத்தனை பேர் கண்டிருக்கின்றார்கள்? காரணம் தெரியாமல் கும்பிடச் சொல்லும் சர்ட்டிபிகேட்டுக்கும் விபூதிப் பொட்டலத்துக்கும் என்ன வித்தியாசம்?

காகிதத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்குக் கொடைக்கானலே சாட்சி. ஜுரம் பார்க்கும் தெர்மாமீட்டரை அங்கே செய்துவந்த இந்துஸ்தான் லீவர் தொழிற்சாலையின் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய சாமான் கடையில் குவிந்து கிடந்தது. அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர்கள் ஊர் ஜனங்களும், முன்னாள் தொழிலாளர்களும், சுற்றுச்சூழல் சங்கத்தாருமே. தொழிற்சாலை மூடப்பட்டது. 591 முன்னாள் தொழிலாளர் விஷயத்தில் கம்பெனி உடன்பாட்டுக்கு வந்தது 2016-ம் வருஷத்தில். சோதிக்க வேண்டியவர்கள் தூங்கினால் விழிக்க வேண்டியவர்கள் ஜனங்களே என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டுமோ?

இங்கிலாந்தில் 2013-ம் வருஷம் முதல் ஊர் டாக்டர்களின் வைத்தியசாலைகளும் ஒரு கமிஷனில் பதிவு பெற்றுச் சோதனைக்கு உட்படுகின்றன. கமிஷன் கொடுத்த தரத்தை 2015-ம் வருஷம் முதல் ஜனங்கள் கண்ணில் படும்படி வைக்க வேண்டுமென்பது அங்கே சட்டம். வெள்ளைக்காரன் செய்வதெல்லாம் வேதவாக்கு என்று நாம் சொல்லவில்லை. பல இடங்களை வருஷக்கணக்காய் எட்டிப் பார்க்கவில்லை என்று அந்தக் கமிஷனே 2024-ம் வருஷத்தில் விசாரணைக்கு உள்ளாகி, மந்திரியின் கண்டனத்தையும் பெற்றது. சோதிப்பவனையும் சோதிக்க வேண்டும் என்பதே இதிலுள்ள நீதி.

“மலைக்கு டாக்டர் வருவதே அபூர்வம், சோதனை என்று மிரட்டினால் வந்தவரும் ஓடிவிடுவார்” என்று சிலர் பரிவு காட்டுவார்கள். சோதனை டாக்டரை அடிக்கும் பிரம்பு என்று நினைப்பதால் வந்த தப்பு இது. டாக்டர் இடம் காலியாயிருந்தால், நர்சு தங்க வீடில்லையென்றால், மின்சாரம் நின்றபோது பிரசவ அறை இருண்டால் அது யார் குற்றம்? சர்க்காரின் குற்றம். சோதனைக்காரர் பேனா அதைத்தான் முதலில் எழுத வேண்டும். சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், மலையில் 20,000 பேருக்கு ஒன்று என்று சர்க்காரே கணக்கு வைத்திருக்கின்றது. தலைகளை எண்ணினால் போதுமா? நோயாளி நடக்க வேண்டிய மைல்களை எண்ண வேண்டாமா?

ஆகவே நாம் கேட்பது இவையே. முன்னறிவிப்பில்லாத சோதனை நடக்க வேண்டும். கண்ட குறைகளும், அவற்றைத் தீர்க்கும் கெடுவும், பொறுப்பாளி யார் என்பதும் தமிழில் வாசலில் எழுதப்பட வேண்டும். சோதிக்கும் குழுவில் பளியரும், தாழ்த்தப்பட்டோரும், பெண்களும் உட்கார வேண்டும். ரோப்கார் நின்றால் பக்தன் படியேறிப் போவான், அல்லது வீட்டிலிருந்தே கும்பிடுவான். ஆஸ்பத்திரி நின்றால் பிரசவ வேதனைப்படுகின்றவள் எந்தப் படியில் ஏறுவாள்? ஆதலால் குறை கண்டால் கதவைச் சாத்தாமல் குறையைத் தீர்ப்பதே சோதனையின் முடிவாக இருக்க வேண்டும்.

கேள்வி கேட்க முடியாத வைத்தியம் மந்திரவாதமாகும். கேள்வி கேட்க அஞ்சும் நோயாளி பக்தனாகிவிடுவான். மலைவாசிகள் பக்தர்களாக வேண்டாம், பரிசோதகர்களாகட்டும். கடவுளிடம் போகும் வழிக்குக் காட்டுகின்ற கவனத்தில் பாதியையாவது சாவிலிருந்து திரும்பி வரும் வழிக்கு சர்க்கார் காட்டுமா என்று கேட்கின்றோம்.