முதுகு டிஸ்க் ஆபரேஷன்: வலி போனால் உடனே வேலைக்குப் போகலாமா? நெய்வேலி தொழிலாளர்கள் தெரிஞ்சுக்க வேண்டியவை

ஆபரேஷன் முடிஞ்சாச்சு, கால் வலி போயிடுச்சு. அடுத்த வாரமே ஷிஃப்ட்டுக்குப் போகலாமா? சுரங்கமும் அனல் மின் நிலையமும் மூன்று ஷிஃப்ட்டிலும் ஓடும் நெய்வேலியில், டிஸ்க் ஆபரேஷன் செய்துகொள்பவருக்கு முதலில் வரும் கேள்வி இதுதான். பதில், ஆபரேஷன் எப்படி நடந்தது என்பதில் மட்டும் இல்லை. விரிவாகப் பார்க்கலாம்.

ஆபரேஷனில் என்ன நடக்கிறது?

டிஸ்க் பிரச்னை பெரும்பாலும் கீழ் முதுகின் கடைசி இரண்டு டிஸ்க்குகளில்தான் வருகிறது. பிதுங்கி வெளியே வந்த பகுதி நரம்பை அழுத்துவதால், இடுப்பில் இருந்து கால் வரை வலி இழுக்கும். அந்தப் பகுதியை மட்டும் டாக்டர் எடுத்துவிடுவார். அதனால் கால் வலி பலருக்குச் சில நாட்களிலேயே குறைந்துவிடும். ஆனால் மரத்துப்போன உணர்வும் கால் பலவீனமும் சரியாக வாரங்கள், சில நேரம் மாதங்கள்கூட ஆகும். டிஸ்க்கின் மீதிப் பகுதி உள்ளேயேதான் இருக்கிறது. அது மறுபடியும் பிதுங்க வாய்ப்பு உண்டு.

குணமாவதைத் தீர்மானிப்பது எது?

காத்திருந்த காலம்: அமெரிக்காவில் 13 மருத்துவ மையங்களில் நடந்த 'ஸ்போர்ட்' ஆய்வில், 6 மாதத்துக்கு மேல் வலியோடு இருந்துவிட்டு சிகிச்சைக்கு வந்தவர்களுக்குப் பலன் குறைவாகவே கிடைத்தது. மாத்திரை போட்டே மாதக்கணக்கில் ஓட்டுவது நல்லதில்லை.

புகை, சர்க்கரை, எடை: புகைப்பிடித்தால் டிஸ்க்குக்குப் போகும் ரத்த ஓட்டம் குறையும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லை என்றால் புண்ணில் தொற்று வரும் ஆபத்து அதிகம். அதிக எடை, முதுகுக்கு அதிக சுமை.

பயம்: "அசைஞ்சா மறுபடி வந்துடும்" என்று படுத்தே இருந்தால் தசை பலவீனமாகும். டாக்டர் சொன்னதும் எழுந்து நடக்கத் தொடங்கணும். பிறகு பிசியோதெரபி.

திரும்பிப் போகிற வேலை: உட்கார்ந்து பார்க்கும் வேலை என்றால் பொதுவாக 2 முதல் 4 வாரம். பாரம் தூக்கும் வேலைக்கு 2 முதல் 3 மாதம் வரை ஆகலாம். டம்பர், புல்டோசர் ஓட்டுபவர்களுக்கு இன்னொரு சிக்கல்: மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பதோடு, வண்டியின் அதிர்வும் நேராக இடுப்பில் இறங்கும். பாரம் தூக்காவிட்டாலும் இது லேசான வேலை இல்லை.

லீவு கிடைக்குமா?

உண்மையான சிக்கல் இங்கேதான். 3 மாதம் ரெஸ்ட் எடுங்க என்று டாக்டர் எழுதிக் கொடுப்பது எளிது. வேலைக்குப் போனால்தான் சம்பளம் என்று இருப்பவர் என்ன செய்வார்? பணி நிரந்தரம் கேட்டு என்.எல்.சி ஒப்பந்தத் தொழிலாளர்கள் 2023 ஜூலையில் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நிரந்தரம் என்பது சம்பள உயர்வு மட்டும் இல்லை. உடம்பு முடியாதபோது வீட்டில் இருக்க முடிகிறதா என்பதும் அதில் அடக்கம். வலியை மறைத்து மூணாவது வாரமே சீட்டில் ஏறுபவருக்கு, திறமையான டாக்டர் செய்த ஆபரேஷனும் முழுப் பலன் தராது.

இ.எஸ்.ஐ-யில் இருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. சாதாரண நோய்க்கால உதவித்தொகையாக ஆண்டுக்கு 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். பலருக்குத் தெரியாத விஷயம்: நீண்டகால நோய்கள் என இ.எஸ்.ஐ வைத்திருக்கும் 34 நோய்களின் பட்டியலில் டிஸ்க் பிதுக்கமும் இருக்கிறது. தகுதி இருந்தால் 80 சதவீதம் வீதம், 2 ஆண்டு வரை உதவித்தொகை நீட்டிக்கப்படலாம். இதற்கு 2 ஆண்டு தொடர் வேலை போன்ற நிபந்தனைகள் உண்டு.

ஆனால் ஒரு கவனம். 1948-ம் ஆண்டு இ.எஸ்.ஐ சட்டம் சொன்ன 'தொழிற்சாலை'க்குள் சுரங்கம் வரவில்லை. அதனால் முதலில் உங்கள் சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால், உங்களுக்கு என்ன மருத்துவ விடுப்பு உண்டு என்பதை ஆபரேஷன் தேதி குறிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

டாக்டரிடம் என்ன கேட்கணும்?

"எப்போ வேலைக்குப் போகலாம்?" என்று மட்டும் கேட்காதீர்கள். நீங்கள் செய்யும் வேலையை விவரமாகச் சொல்லுங்கள். எத்தனை மணி நேரம் உட்காரணும், எவ்வளவு எடை தூக்கணும், டூவீலரில் எவ்வளவு தூரம் போகணும் எல்லாமே முக்கியம். லைட் டியூட்டி தேவை என்றால், எத்தனை வாரம் என்பதோடு எழுத்தில் வாங்குங்கள்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியது எப்போது?

சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடு இல்லாமல் போனால், சிறுநீர் வராமல் நின்றுபோனால், தொடை இடுக்கில் உணர்வு மரத்தால், பாதத்தைத் தூக்க முடியாமல் போனால், காய்ச்சலோடு தையலில் நீர் கசிந்தால் காலை வரை காத்திருக்க வேண்டாம். நைட் ஷிஃப்ட் நேரமாக இருந்தாலும் உடனே கிளம்புங்கள்.