சமத்துவபுரத்தை ஸ்கூல்ல சொல்லிக் கொடுங்க

சிந்துவெளி வீடுகள்ல சாக்கடை எப்படி போச்சுன்னு ஸ்கூல்ல படிச்சோம். நம்ம ஊர் ஏன் ஊர், காலனின்னு ரெண்டா கிடக்குன்னு ஒரு வரி படிக்கல.

அதுக்குக் கலைஞர் ஆட்சி சொன்ன பதில்தான் பெரியார் நினைவு சமத்துவபுரம். முதல்ல 1998-ல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறந்தாங்க. 100 வீடு: ஆதிதிராவிடர் 40, பிற்படுத்தப்பட்டோர் 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 25, மற்றவர் 10. சாதிக்கொரு தெரு கிடையாது. சுடுகாடும் ஒண்ணுதான். (அதுக்கே தனிப் பாடம் வைக்கலாம்!)

வேற சாதிப் பையன்கூட ஒரே ரூம்ல நான் தங்கினது காலேஜ் ஹாஸ்டல்லதான். ரொம்ப லேட் தோழர்களே. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஒருநாள் பக்கத்துச் சமத்துவபுரத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. பக்கத்து வீட்ல சாப்பிட எத்தனை வருசம் ஆச்சுன்னு அங்க இருக்கிற பாட்டிகள்ட்ட பசங்களே கேட்கட்டும். பதில் நமக்குச் சங்கடமா இருந்தாலும் பரவாயில்ல.