துரை பெயர் நிலைத்தது. தொழிலாளி பெயர் எங்கே?

பேராக் மாநிலத்தில், பத்து காஜாவிலிருந்து கோப்பெங் செல்லும் சாலையில், ராயா ஆற்றோரமாக முற்றுப்பெறாத மாளிகையொன்று நிற்கிறது. கெல்லி கோட்டை என்பது அதன் பெயர். வெளியூரார் கட்டணம் கொடுத்துச் சுற்றிப் பார்க்கிறார்கள்.

1870ல் ஸ்காட்லாந்தின் கெல்லாஸ் என்னும் சிற்றூரில் பிறந்த வில்லியம் கெல்லி ஸ்மித், 20 வயதில் மலாயா வந்தார். கிந்தாவில் காட்டை அழித்து ரப்பர் போட்டார். தோட்டத்திற்கும் வீட்டிற்கும் பிறந்த ஊரின் பெயரையே வைத்தார். அந்த வீட்டையொட்டி 1915ல் பெரிய மாளிகை எழத் தொடங்கியது. செங்கல்லும் பளிங்கும் இந்தியாவிலிருந்து வந்தன. உழைக்கும் கைகளும் அங்கிருந்தே வந்தன. அவை தமிழர் கைகள்!

முதல் உலகப் போர் முடியும் தறுவாயில் விஷக்காய்ச்சல் பரவியது. வேலையாட்கள் பலர் மாண்டனர். எஞ்சியோர் மாரியம்மனுக்குக் கோயில் கேட்டனர், துரை கட்டிக்கொடுத்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. கோயில் மேலே, தெய்வ உருவங்களோடு தொப்பியணிந்த துரையின் உருவமும் இன்றும் நிற்கிறது. ஸ்மித் 1926ல் லிஸ்பனில் நிமோனியாவால் இறந்தார். குடும்பம் சொத்தை விற்றுவிட்டுச் சீமைக்கே போய்விட்டது.

துரை செய்த நன்மையை நாம் மறைக்கவில்லை. நன்றி காட்டிய தொழிலாளரையும் பழிக்கவில்லை. தொழிலாளி துரைக்குக் கோயிலில் இடம் கொடுத்தான். அந்தத் தொழிலாளிக்கு மாளிகையில் கிடைத்த இடம் என்ன? இதுவே நம் கேள்வி.

பெயரில்லாமல் எவனும் வேலை செய்ததில்லை. பெரட்டில் கூப்பிட்ட பெயர்கள், செக்ரோலில் எழுதிய பெயர்கள் இருந்தன. எழுதத் தெரிந்த கிராணிமார்களுக்கு இது புரியும். காகிதம் செல்லரித்துப் போனால் மனிதனே இல்லாமல் போய்விடுகிறான்.

துரைமார் மாளிகைகளைக் காப்பது சரியே. ஆனால் லயங்களும், தோட்டத்துக் கோயில்களும், இடுகாடுகளும் வரலாறு இல்லையா? தோட்டங்கள் கைமாறி வீடமைப்பு நிலமாகும்போது, பட்டா இல்லாத கோயில்தானே முதலில் ஆட்டங்காண்கிறது!

ஆகவே, மாளிகையைக் காட்டும் இடமெல்லாம் அதைக் கட்டியோர் கதையும் சொல்லப்பட வேண்டும். கிடைக்கும் பெயர்கள் பொறிக்கப்பட வேண்டும். நம் கடமையும் ஒன்று உண்டு. தோட்டத்துப் பெரியவர்களிடம் இன்றே உட்காருங்கள். யார் எந்தக் கப்பலில் வந்தார், எந்த லயத்தில் வாழ்ந்தார், எங்கே புதைக்கப்பட்டார் என்று கேட்டு எழுதுங்கள். நம் பெயரை நாம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்?