திறந்த வாயில்

திருநெல்வேலித் தமிழரான வேதநாயகம் சாமுவேல் அசரியா 1902இல் யாழ்ப்பாணம் வந்தார். இங்குள்ள கிறித்தவர் தம் சொந்தப் பொருளைக் கொண்டு வெளியூர்களிற் சமயத்தொண்டு நடத்துவதை அறிந்து, மறு ஆண்டே தம் நாட்டிலும் அத்தகைய சங்கமொன்றை நண்பர்களுடன் நிறுவினார். 1909இல் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லை அடைந்து, அம்மொழி கற்று, அங்கிருந்த சிறிய சபையைப் பேணினார். 1912இல் அங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய அத்தியட்சரானார்.

தாழ்த்தப்பட்ட மக்கள் ஊரூராய்ச் சேர்ந்தனர். அவருள்ளிருந்தே குருமாரும் தோன்றினர். 1945இல் அவர் மறைந்தபோது சபையினர் இலட்சத்துக்கும் மேற்பட்டிருந்தனர். 1939இல் திறக்கப்பட்ட பேராலயத்திலே கோயிற் தூண்களும் பள்ளிவாசற் கும்மட்டங்களும் கலந்து நிற்கின்றன.

சைவராகிய நாம் இவ்வளர்ச்சியைக் கண்டு மனம் புழுங்குவதிற் பயனில்லை. நம் வாயிலில் நிறுத்தப்பட்டவன், தன்னை உள்ளே அழைத்த வாயிலை நாடினான். குறை யாருடையது?